நான் பார்க்காத வெங்காயச் செல்

ஒன்பதாம் வகுப்பில் நான் வரைந்த வெங்காயத் தோல் படம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. செங்கல் அடுக்கின மாதிரி வரிசை வரிசையாகச் செல்கள், ஒவ்வொன்றின் நட்டநடுவிலும் ஒரு சின்ன வட்டம், அந்த வட்டத்திலிருந்து ஸ்கேல் வைத்து இழுத்த கோட்டின் நுனியில் ‘உட்கரு’ என்று அழகான கையெழுத்து. அழித்த தடம் ஒன்றுகூட இல்லை. பத்துக்குப் பத்து மதிப்பெண். ஆனால் அந்தப் படத்தில் இருந்த ஒரு செல்லைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

நான் பார்த்தது வேறு. லேபில் வேலை செய்யும் நிலையில் இருந்தது ஒரே ஒரு மைக்ராஸ்கோப், எங்கள் வகுப்பு முழுவதும் அதன் முன்னால் வரிசையில் நின்றது. ஆளுக்குப் பத்து நொடி கிடைத்திருக்கும். என் முறை வந்ததும் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்தேன். கண்ணைக் கூசும் வெள்ளை வெளிச்சம், அதன் நடுவில் தடிமனான கருப்பு விளிம்போடு ஒரு பெரிய வட்டம், வளையல் மாதிரி. ஓ, இதுதான் செல் போலிருக்கிறது என்று நினைத்தேன். “தெரியுதா?” என்று கேட்டார்கள். “தெரியுது டீச்சர்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். இடத்தில் போய் உட்கார்ந்து பாடப்புத்தகத்தைத் திறந்து, அதில் இருந்த படத்தைப் பார்த்து வரைந்தேன். எல்லாரும் அப்படித்தான் வரைந்தார்கள்.

அந்தக் கருப்பு வளையம் காற்றுக் குமிழி என்று தெரிய எனக்கு நாலு வருடம் ஆனது. கல்லூரியில் முதல் பிராக்டிகல் வகுப்பில் அதே வளையத்தைப் பார்த்து “செல் கிடைத்துவிட்டது” என்று நான் சொன்னபோது, பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஸ்லைடை ஒரு மயிரிழை நகர்த்தி, ஒளியைக் குறைத்து, “இப்ப பாருங்க” என்றார். மங்கலான சாம்பல் கோடுகள், ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும் நீள நீளமான அறைகள். நான் வரைந்து மதிப்பெண் வாங்கிய படம் போல அது இல்லவே இல்லை. சுவர்கள் கோணலாக இருந்தன, பாதி அறைகளில் உட்கரு தெரியவில்லை, தெரிந்தவற்றிலும் நடுவில் இல்லாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்தது சந்தோஷமா வருத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இத்தனை நாள் இதைப் பார்க்காமலே இதைப் பற்றித் தேர்வு எழுதியிருக்கிறோமே என்ற எண்ணம் மட்டும் பலமாக இருந்தது.

இப்போது நானே அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் குமிழியை நான் மறக்கவில்லை.

முதல் நாள் செல்லைக் காட்டவே மாட்டேன். பழைய செய்தித்தாளில் இருந்து ‘ட’ என்ற எழுத்தை வெட்டி ஸ்லைடில் வைக்கச் சொல்வேன். நேராக வைத்த எழுத்து உள்ளே பார்த்தால் தலைகீழாக, இடம் வலம் மாறிக் கிடக்கும். ஸ்லைடை வலது பக்கம் தள்ளினால் எழுத்து இடது பக்கம் ஓடும். ஐந்து நிமிடம் எல்லாரும் தடுமாறுவார்கள், அப்புறம் கை பழகிவிடும். இந்தத் தடுமாற்றம் எழுத்தோடு முடிந்துவிட வேண்டும், ஏனென்றால் எழுத்து எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே தெரியும், கருவி அதை என்ன செய்கிறது என்பதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். இது பழகாமல் செல்லைக் கொடுத்தால் எது பொருள், எது கருவியின் வேலை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இமை மயிரைச் செல் என்று வரைந்தவர்கள் உண்டு. அவர்கள் மேல் தப்பே இல்லை. அங்கே தெரிந்ததைத்தான் வரைந்தார்கள். அந்த வகையில் ஒன்பதாம் வகுப்பில் நான் செய்ததைவிட அது நேர்மையான வேலை.

தோலை உரிப்பதும் ஒரு கைவேலைதான். வெங்காயத்தின் ஒரு செதிலை எடுத்து, குழிந்த உள்பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, பட்டென்று ஒடித்தால், ஒடிந்த இடத்தில் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு சவ்வு தொங்கும். இடுக்கியால் அதைப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். எடுத்ததும் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், கொஞ்சம் தாமதித்தாலும் சுருண்டுகொள்ளும். ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதில் சவ்வைப் போட்டு, ஊசியால் மடிப்பை நீவிவிட்டு, மேலே மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர்ஸ்லிப்பைச் சாய்த்துப் பிடித்து, ஒரு விளிம்பு முதலில் தண்ணீரைத் தொடும்படி வைத்து, மறுவிளிம்பை ஊசியில் தாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல இறக்க வேண்டும். தண்ணீர் காற்றை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். மேலே இருந்து தட்டையாகப் போட்டால் காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவு பார்த்துச் செய்தாலும் குமிழி வரத்தான் செய்யும். வந்தால் நல்லது என்றே நான் நினைக்கிறேன். குமிழியைத் தேடிக் கண்டுபிடித்து வரையச் சொல்வேன், பெயர் எழுதி. அதன் விளிம்பு ஏன் அவ்வளவு கருப்பு? தண்ணீரிலிருந்து காற்றுக்குள் போகும் ஒளி வளைகிறது, குமிழியின் ஓரம் உருண்டையாக இருப்பதால் அங்கே விழும் ஒளி ரொம்பவே வளைந்து லென்ஸுக்கு வெளியே போய்விடுகிறது, அதனால் ஓரம் இருட்டாகத் தெரிகிறது. இதை ஒருமுறை புரிந்துகொண்ட பிள்ளை அப்புறம் வாழ்நாளில் குமிழியைச் செல் என்று சொல்லாது.

வெளிச்சம் விஷயத்தில் எல்லாருக்கும் ஒரே நினைப்பு: கூடக் கூட நன்றாகத் தெரியும் என்று. செல்லுக்கு இது பொருந்தாது. வெங்காயச் செல் கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும் பொருள், வெளிச்சத்தைக் கொட்டினால் எல்லாம் கரைந்து வெள்ளையாகிவிடும். ஸ்லைடு வைக்கும் மேடைக்குக் கீழே, ஒளி வரும் துளையைச் சுருக்கும் டயஃப்ரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தால், ஒன்றுமே இல்லாத இடத்தில் சுவர்கள் எழும்பி வரும். “டீச்சர், வருது வருது” என்று கத்துவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

சாயமும் இதற்காகத்தான். கவர்ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் வைத்து, எதிர் ஓரத்தில் வடிதாளின் முனையைத் தொட வைத்தால், தாள் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச அயோடின் உள்ளே இழுபட்டுப் போகும். இதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். மஞ்சள் நிறம் ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்து, செல்லுக்குச் செல் ஏறி, உட்கரு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பாகித் தனியே தெரிய ஆரம்பிக்கும். முன்கூட்டியே சாயம் ஏற்றிய ஸ்லைடைக் கையில் கொடுத்துவிட்டால் இந்த இரண்டு நிமிடம் பிள்ளைகளுக்குக் கிடைக்காமலே போகிறது.

திருகைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய திருகைத் திருப்பும்போது கண் லென்ஸுக்குள் இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும். லென்ஸையும் ஸ்லைடையும் முதலில் நெருக்கி வைத்துவிட்டு, அப்புறம் உள்ளே பார்த்தபடி விலக்கிக்கொண்டே வர வேண்டும். மாற்றிச் செய்தால் கவர்ஸ்லிப் உடையும், லென்ஸில் கீறல் விழும். 40 மடங்கில் இடத்தைக் கண்டுபிடித்து, 100க்குப் போய், கடைசியாக 400. எடுத்த எடுப்பில் 400 வேண்டும் என்று துடிக்கிற பிள்ளைகள்தான் அதிகம், பாவம், அவர்கள் இருட்டில் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

சரி, இனி வரைவது.

ஒரு சின்ன அடையாளத்தை வைத்து, யார் பார்த்து வரைந்தார்கள், யார் புத்தகத்தைப் பார்த்து வரைந்தார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். வெங்காயச் செல்லில் பசுங்கணிகம், அதாவது ஒளியைப் பிடிக்கும் பச்சை மணி, வரைந்திருந்தால் அது புத்தகம். தாவரச் செல் என்றால் பசுங்கணிகம் இருக்கும் என்று படித்ததை அப்படியே போட்டுவிடுகிறார்கள். வெங்காயச் செதில் மண்ணுக்குள் இருட்டில் வளர்வது, அங்கே ஒளியைப் பிடித்து உணவு தயாரிக்கும் வேலையே இல்லை, அதனால் அந்தச் செல்லில் பச்சை இல்லை. மதிப்பெண்ணைக் குறைக்காமல், “எந்த இடத்தில் பார்த்தாய், எனக்கும் காட்டு” என்று கூட்டிக்கொண்டு போவேன். தேடுவோம். கிடைக்காது. அப்புறம் ஏன் கிடைக்கவில்லை என்று அவர்களே கேட்பார்கள்.

வரைவது என்று வரும்போது எனக்கு ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் ஞாபகம் வந்துவிடுவார். 1665ல் அவர் வெளியிட்ட நூலில்தான் தக்கையின் மெல்லிய சீவலை வரைந்து, அதில் தெரிந்த அறைகளுக்குச் செல் என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது உயிருள்ள செல் இல்லை. தக்கைச் செல்கள் செத்தவை, சுவர் மட்டும் மிஞ்சிய காலி அறைகள். காலியாக இருந்ததைக் காலியாகவே வரைந்தார். என்னை அதைவிட அதிகம் ஈர்ப்பது அவர் எண்ணியது. ஓர் அங்குலத்தில் பதினெட்டில் ஒரு பங்கு நீளத்தில் சுமார் 60 அறைகள் இருந்தன, அப்படியானால் ஓர் அங்குலத்துக்கு 1,080, சதுர அங்குலத்துக்கு 11,66,400, கன அங்குலத்துக்கு 125,97,12,000 என்று போட்டுக்கொண்டே போனார். பெருக்கல் தெரிந்தால் போதும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இன்றைக்கே இதைச் செய்யலாம்.

நாங்கள் செய்கிறோம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேலை மேடையில் வைத்து 40 மடங்கில் பார்த்தால், தெரியும் வட்டத்தின் குறுக்களவு எங்கள் கருவியில் சுமார் 4.5 மில்லிமீட்டர். 100 மடங்குக்கு மாறும்போது இரண்டரை மடங்கு சுருங்கும், அதாவது 1.8 மில்லிமீட்டர். அந்த வட்டத்துக்குள் நீளவாக்கில் எத்தனை வெங்காயச் செல் நிற்கிறது என்று எண்ணச் சொன்னேன். ஒரு பெண் ஆறு என்றாள். 1.8ஐ ஆறால் வகுத்தால் 0.3 மில்லிமீட்டர். அவள் உடனே தன் ஸ்கேலை எடுத்து ஒரு மில்லிமீட்டர் கோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தாள். “இதுக்குள்ள மூணுதானா டீச்சர்? நான் இன்னும் ரொம்பச் சின்னதா இருக்கும்னு நினைச்சேன்” என்றாள். அவள் சொன்னது ரொம்பச் சரி. வெங்காயச் செல் ஒரு பெரிய செல், மனித ரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு 0.007, 0.008 மில்லிமீட்டர்தான். செல் என்றாலே கற்பனைக்கு எட்டாத சிறுமை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகிறோம், அதற்குள்ளேயும் பெரியது சிறியது இருக்கிறது என்பது எண்ணிப் பார்த்தால்தான் உறைக்கிறது.

இன்னொரு பையன், வகுப்பில் அதிகம் பேச மாட்டான், வரைந்த படத்தில் ஒன்பது செல்லில் நாலில் மட்டும் உட்கரு போட்டிருந்தான். பக்கத்தில் இருந்தவன் “மீதிக்கும் போடுடா, மார்க் போயிடும்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். இவன் போடவில்லை. என்னைக் கூப்பிட்டு, “டீச்சர், இந்தச் செல்லுல உட்கருவே இல்ல, அது செத்துப்போச்சா?” என்று கேட்டான். அப்படி ஒரு கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன் என்று அவனுக்குத் தெரியாது. அவன் விரலைச் சின்னத் திருகின் மேல் வைத்து, அந்தச் செல்லையே பார்த்துக்கொண்டு மெதுவாகத் திருகச் சொன்னேன். சுவர் மங்கியது. சாயத்தில் மிதக்கும் துகள்கள் தெளிந்தன, மறைந்தன. இன்னும் கொஞ்சம் திருகினான். இல்லை என்று அவன் சொன்ன இடத்திலேயே பழுப்பு உருண்டை ஒன்று புகையிலிருந்து வருவது போல் வந்து நின்றது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, திருகைத் திருப்பித் திருப்பி அதை மறையவும் தெரியவும் வைத்துக்கொண்டே இருந்தான்.

செல் ஒரு பெட்டி, தாளில் போட்ட கட்டம் இல்லை. 400 மடங்கில் ஒரு நேரத்தில் தெளிவாகத் தெரிவது ஒன்றிரண்டு மைக்ரான் தடிமன் உள்ள ஒரு தளம் மட்டுமே, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. மேல்தளத்தைப் பார்க்கும்போது கீழ்த்தளத்தில் இருக்கும் உட்கரு தெரியாது. நடுவில் நீர் நிறைந்த பெரிய பை ஒன்று (நுண்குமிழி என்பார்கள், காற்றுக் குமிழி இல்லை) இடத்தை அடைத்துக்கொண்டு உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடுவதால், அது பக்கச் சுவரிலோ தரையிலோ கூரையிலோ எங்கே வேண்டுமானாலும் ஒட்டியிருக்கும். ஒன்பதுக்கும் நட்டநடுவில் வட்டம் போட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. உட்கருவுக்குப் பெயர் வைத்தவர் ராபர்ட் பிரவுன், ஆர்க்கிட் தாவரத்தின் செல்களில் அதைப் பார்த்து 1831ல் சொன்னார். ஹூக்குக்கும் அவருக்கும் நடுவில் 166 வருடம். அந்த 166 வருடத்தை ஒரு வகுப்பு நேரத்தில் ஓடிக் கடக்கச் சொல்கிறோம் பிள்ளைகளை, அதனால் முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் எனக்குக் கோபமே வருவதில்லை.

“எனக்கு வரைய வராது டீச்சர்” என்று ஒதுங்குகிறவர்களுக்கு லீவன்ஹூக் கதையைச் சொல்வேன். ஹூக் காலத்தில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் இருந்த துணி வியாபாரி. ஒரே ஒரு குட்டி லென்ஸை இரண்டு உலோகத் தகட்டுக்கு நடுவில் பொருத்திய கருவியை வைத்துக்கொண்டு, தண்ணீரில் நீந்தும் உயிர்களை முதன்முதலில் பார்த்துச் சொன்னவர். அவருக்கும் படம் வரைய வராது, ஓவியரைக் கூலிக்கு வைத்து வரைய வைத்தார். அந்த உயிர்களைப் பற்றி 1676ல் அவர் எழுதிய கடிதத்தை லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் சுலபமாக நம்பிவிடவில்லை, 1677ல் ஹூக்கே திரும்பச் செய்து காட்டிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். வரையத் தெரியாவிட்டால் சொல், நான் கேட்கிறேன், எத்தனை, எந்த வடிவம், எது எதைத் தொடுகிறது என்று சொல். சொல்லச் சொல்லக் கை தானாகப் பென்சிலுக்குப் போய்விடும்.

செல்போனைக் கண்ணருகு லென்ஸில் வைத்துப் படம் எடுப்பதை நான் தடுப்பதில்லை, ஆனால் வரைந்த பிறகுதான். இந்தச் சுவர் அந்தச் சுவரோடு எங்கே சேர்கிறது என்று போன் யாரையும் கேட்பதில்லை, பென்சில் கேட்கிறது. பெரிய திரையில் போட்டு வகுப்புக்கே ஒன்றாகக் காட்டுவதும் அப்படித்தான், எதைத் தேட வேண்டும் என்று சுட்டிக்காட்ட உதவும், தேடும் வேலையை ஒவ்வொரு கையும் தனியாகச் செய்தே ஆக வேண்டும்.

நகரும் ஒன்றைப் பார்த்துவிட்டால் பிள்ளைகள் எழுந்திருக்கவே மாட்டார்கள். ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவரத்தின் நுனியிலிருந்து ஓர் இளம் இலையைக் கிள்ளி அப்படியே தண்ணீரில் வைத்தால் போதும், வெட்ட வேண்டாம், சாயம் வேண்டாம், இலையே இரண்டு அடுக்குச் செல்தான். முதலில் பச்சை மணிகள் சும்மா கிடப்பது போல இருக்கும். விளக்கின் சூட்டில் சில நிமிடம் விட்டுவிட்டுப் பார்த்தால், நடு நரம்புக்குப் பக்கத்துச் செல்களில் மணிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரை ஒட்டிச் சுற்றி வரும், மூலையில் தயங்கித் திரும்பும், மறுபடி ஓடும். ஓடுவது உண்மையில் செல்லுக்குள் இருக்கும் கூழ் போன்ற சைட்டோபிளாசம், பசுங்கணிகங்கள் அதில் இழுபட்டுப் போகின்றன. வகுப்பு முடிந்து மணி அடித்த பிறகும் ஒரு பிள்ளை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, “ஒரு ரவுண்டு முழுசாப் பார்த்துட்டு வர்றேன்” என்று கெஞ்சியது. ஒரே மணியைக் கண்ணால் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள்.

போன மாதம் கன்னத்துச் செல். சுத்தமான பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உள்பக்கத்தை லேசாகத் தேய்த்து ஸ்லைடில் தடவி, மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் ஒரு சொட்டு. சுவர் இல்லாத செல், ஓரம் ஒழுங்கில்லாமல், சில இடங்களில் தாள் மடங்கியது போல மடங்கி, நடுவில் அடர்நீல உட்கரு. தன் உடம்பிலிருந்து வந்தது என்பதால் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு பெண் வரைந்த படத்தில் செல்லின் மேலெல்லாம் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருந்தன. புத்தகத்தில் அந்தப் புள்ளிகள் கிடையாது. சாயத்தின் தூசியாக இருக்கும், அழித்துவிடு என்று தோழிகள் சொல்லியிருக்கிறார்கள். அவள் அழிக்காமல், புள்ளிகளிலிருந்து ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு நோட்டை நீட்டினாள்.

“தூசின்னா எல்லா இடத்துலயும் இருக்கணும்ல டீச்சர், இது செல்லு மேலதான் நிறைய இருக்கு” என்றாள்.

கேள்விக்குறிக்குக் கீழே நான் ஒன்றும் எழுதவில்லை. கண்ணாடிக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெயை அவள் ஸ்லைடின் கவர்ஸ்லிப் மேல் விட்டு, 100 மடங்கு பொருளருகு லென்ஸை (கண்ணருகு லென்ஸோடு சேர்ந்தால் 1000 மடங்கு) அதில் தொடும்படி திருப்பி வைத்து, ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் சின்னத் திருகில் விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், தலையைத் தூக்காமலே, “இதுல சிலது உருண்டையா இருக்கு, சிலது குச்சி மாதிரி இருக்கு, சிலது ஜோடி ஜோடியா ஒட்டிக்கிட்டு இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இடது கையால் பென்சிலைத் தேடினாள்.